தங்க வளையலும் கிரீம் பிஸ்கட்டும்

அண்ணன் மகளுக்குப் பரிசம் போட்ட அன்று நான் கையில் கண்ணாடி வளையலோடு அண்ணன் வீடு இருக்கும் கொஸ்லந்தைக்கு பஸ் ஏறினேன். வேண்டுமென்றேதான் அப்படிப் போனேன்.

ஒரு வாரத்துக்கு முன்பே அண்ணன் போனில் கத்தியிருந்தார். "பொண்ணுக்கு அத்தை நீ. தட்டு மாத்தும்போது எல்லாரும் ஒங் கையத்தான் பாப்பாங்க. அந்த ஷேரு கீரெல்லாம் வித்துட்டு ரெண்டு தங்க வளையல வாங்கிப் போட்டுக்கிட்டு வா. மானத்த வாங்காத."

விற்றால் பாதி வளையல் கூடத் தேறாது. பங்கு அந்த லட்சணத்தில் விழுந்து கிடந்தது.

மலைநாட்டில் ஹாலிஎலை டவுனில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. கேஸுக்கும் பெட்ரோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் வெறும் தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சாமான் வந்தது, சனமும் வந்தது. பேங்கில் வட்டி மட்டும் சரசரவென்று இறங்கிவிட்டது. காசு வைத்திருந்தவர்கள் பங்குச் சந்தைப் பக்கம் திரும்பினார்கள். ரயிலில், சலூனில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. நானும் யோசித்தேன். பெட்டிக்குள் சும்மா கிடக்கிற தங்க வளையல் எனக்கு என்ன சம்பாதித்துத் தரப்போகிறது?

எந்தக் கம்பெனி என்பதற்கு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அது தீபாவளி வாரம். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கையில் பண்டிகை அட்வான்ஸ் வந்திருந்தது. என் கடையில் ஒரு பிஸ்கட் டின் கூட மிஞ்சவில்லை. பிஸ்கட் கம்பெனி ஏஜென்ட்டுக்கு போன் போட்டுப் போட்டு விரல் வலித்தது. இப்படிப் பறக்கிற சரக்கைச் செய்கிறவனுக்கு நஷ்டமா வரும்? வளையலை விற்று அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதமே கடையில் ஈ ஓட்டினேன். அட்வான்ஸ் என்றால் சும்மாவா, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்துக்கு அட்வான்ஸ் மாதிரி டவுனுக்குப் போனஸ். நாடு முழுக்கப் பண்டிகைக்கு அள்ளி வீசிவிட்டு அப்புறம் வாயைக் கட்டிக்கொண்டது. பெரிய பாக்கெட் வாங்கினவர்கள் சின்னப் பாக்கெட்டுக்கு இறங்கினார்கள். கிரீம் பிஸ்கட் வாங்கினவர்கள் மாரி பிஸ்கட்டுக்கு இறங்கினார்கள். மாவும் சீனியும் விலை ஏறிக்கொண்டே போயின. கம்பெனியின் லாபம் சுருங்கியதும் பங்கு விலை தடாலென்று விழுந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தீபாவளிக்குப் புதுச்சட்டை, பொங்கலுக்கு வெறும் ரொட்டியும் சம்பலும் என்று வருஷா வருஷம் பார்த்தவள். அட்வான்ஸ் காசு வருமானமில்லை என்று எனக்குத் தெரியாதா? கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் புத்தி மழுங்கிவிட்டது!

ஆனால் அண்ணன் சொன்ன இன்னொன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு இந்த வேலை? கொழும்புப் பெரிய ஆளுங்க ஆட்டம் அது." நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு! நான் ஏ லெவல் படிக்கப் போனபோதும் இதைத்தான் சொன்னார்கள். டவுனில் கடை போட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். தப்பான நேரத்தில் வாங்கினேன், சரி. அதற்காக ஊர் பார்க்கிறது என்று நஷ்டத்துக்கு விற்க வேண்டுமா? மாட்டேன். கம்பெனி மூடிவிடவில்லை. சனத்தின் கையில் காசு புழங்கினால் பிஸ்கட்டும் போகும், பங்கும் ஏறும். அதுவரை என் கை கண்ணாடி வளையலோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன் வீட்டு முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"தங்க வளையல் போடலீங்களா?"

அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"வித்துட்டேங்க. பிஸ்கட் கம்பெனில பங்கு வாங்கியிருக்கேன்."

"அப்படிங்களா!" என்றார் அந்த அம்மா. கேலியா வியப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

அண்ணன் என்னைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஒனக்கு வெக்கமே இல்லியா?" என்று பல்லைக் கடித்தார். அங்கே அண்ணி வந்தவர்களுக்குக் கொடுக்க பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தேன். எல்லாம் மாரி பிஸ்கட். போன வருஷம் அண்ணனின் மூத்த மகள் பரிசத்துக்கு இதே தட்டில் கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட் பிஸ்கட்டும் கோபுரமாக இருந்தன.

"கிரீம் பிஸ்கட் எங்கேண்ணே?"

"சாமான் விக்கிற வெலைக்கு கிரீம் பிஸ்கட் ஒண்ணுதான் கொறச்சல்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதத்தாண்ணே நாடே சொல்லுது. நீங்கல்லாம் மாரி பிஸ்கட்டுக்கு எறங்கித்தான் எம் பங்கு விழுந்துச்சு. விழ வச்ச ஆளே என்னைய வையுறீங்க, நல்லா இருக்கே நியாயம்!"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். முன்னறையிலிருந்து தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள்.

"சின்னவளுக்குப் பரிசம் போடுறப்ப கிரீம் பிஸ்கட் வாங்கி வைங்கண்ணே," என்றேன். "அன்னைக்குத் தங்க வளையலோட வரேன்."

புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொள் என்று அண்ணன் சைகை காட்டினார். நான் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் நன்றாக நீட்டித் தட்டை வாங்கினேன்.