நாலு மணி ஒத்தடம்

பேச்சியம்மாளும் அவள் மகள் கண்ணகியும் மந்தாரக்குப்பத்துக்குக் குடிவந்தது எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். எல்லாம் கீற்றுக்கூரை. அவர்களுக்குக் கிடைத்தது கடைசி வீடு.

அதற்கு முன் ஏழு வருஷம் நெய்வேலி நகரியத்தில், அண்ணன் அய்யாசாமியின் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். புருஷன் இறந்தபின் இரண்டு வயதுப் பிள்ளையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் பேச்சியம்மாள். அண்ணனுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை, மனைவி இல்லை. தங்கை சமைத்துப் போட்டாள். அவர் ரிட்டயர்டாகி ஊருக்குத் திரும்பியபோது இவள் கூடப் போகவில்லை. காரணம் கண்ணகியின் வலது கால்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அந்தக் கால் சூம்பிவிட்டது. அதைப் பார்க்கிற ஆஸ்பத்திரி இங்கேதான் இருந்தது. கம்பளித் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டும். சதை இளகியதும் காலை நீட்டி அழுத்த வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. விட்டால் முட்டி மடங்கியபடியே நின்றுவிடும் என்று காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொல்லியிருந்தார்.

குவார்ட்டர்ஸில் வெந்நீர் ஒரு விஷயமே இல்லை. கரண்டுக்கு என்று சம்பளத்தில் பிடித்தது சொற்பம். ஹீட்டர் அடுப்பின் கம்பி விடிந்ததிலிருந்து சிவந்துகொண்டே இருக்கும்.

ஆறு வீடுகளுக்கும் சொந்தக்காரரான சிங்காரவேலு முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"விறகடுப்பு மட்டும் கூடாதும்மா. போன கோடையில ஒரு வூடு பத்திக்கினு எரிஞ்சிது. ஹீட்டர் போட்டுக்கோங்க. ஆனா கரண்டுக்கு முன்பணம். முன்ன இருந்தவன் மூணு மாசம் எரிச்சிட்டு ராவோட ராவா ஓடிட்டான். அதான்."

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன மீட்டர். ஐந்து ரூபாய் கொடுத்தால் பத்து யூனிட். எந்த எண் வரைக்கும் எரிக்கலாம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். அந்த எண் வந்தால் பியூஸைப் பிடுங்கிவிடுவார். எல்லாருக்கும் அதே சட்டம்தான், எங்களுக்கும்.

மண்ணெண்ணெய் வாங்கலாம் என்றால், ரேஷன் கார்டில் அவள் பெயர் அண்ணனோடு சேர்ந்து ஊருக்குப் போய்விட்டது. ஆக, ஹீட்டர்தான். பேச்சியம்மாள் நகரியத்தில் இரண்டு வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். ஒரு நாள் அதில் ஒரு வீட்டம்மாளின் ஹீட்டர் மேலே ஒன்றுமில்லாமல் எரிவதைப் பார்த்துப் பதறி அணைத்தாளாம். "இதுக்குப் போயி ஏன் ஓடியார?" என்று அந்த அம்மாள் சிரித்ததாக எங்களிடம் சொல்லி இவளும் சிரித்தாள்.

வீட்டில் ஒரு வேளைதான் உலை. காலைச் சோற்றையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டாள். தனக்குக் காப்பியை நிறுத்தினாள். ஐப்பசி மழையில் நனைந்து வந்த அன்றும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். இப்படி மிச்சம் பிடித்ததெல்லாம் வெந்நீருக்கு. காலை ஒத்தடத்தை அவளே கொடுத்துவிட்டுப் போவாள். மாலையில் அவள் திரும்ப ஆறாகிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வரும் கண்ணகி தானே தண்ணீர் காய வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதுதான், ஆனாலும் விவரமான பிள்ளை.

இருந்தும் வாரம் முடிவதற்குள் சுவரிலிருந்த எண் வந்துவிடும். மிச்ச நாளுக்கு இருட்டு, பழைய சோறு.

கார்த்திகையில் ஒரு மாற்றம் வந்தது. பத்து யூனிட் எட்டு நாள் வந்தது. அடுத்த தடவை பத்து நாள் வந்தது. பேச்சியம்மாள் முகமே தெளிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"கைக்கு அளவு பிடிபட்டுப் போச்சு, தனகோட்டி. இனிமே சமாளிச்சிருவேன்" என்றாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். அந்த நாட்களில் நாலு மணிக்குக் கண்ணகி வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பதை நான் பார்த்ததுண்டு. கால் மடங்கித்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மழையும் வேலையுமாக இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. தை மாதம் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். பயிற்சி கொடுக்கும் அம்மா கண்ணகியைப் படுக்க வைத்து முட்டியை அழுத்தினார். கால் நீளவில்லை. இன்னும் அழுத்தினார். பிள்ளை பல்லைக் கடித்தாள்.

"ஒத்தடம் விட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"விடவே இல்லீங்க. ரெண்டு நேரமும் நடக்குது" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் கண்ணகியைப் பார்த்தார். கண்ணகி மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"சாயங்காலம் கட்டுறியா பாப்பா?"

 கண்ணகி மெல்ல, "காலையில அம்மா நீட்டும்போதும் வலிக்கும். இப்ப கால் இளகிட்டு, வலி போயிட்டுன்னு சொல்லிட்டேன். அதனால அம்மா ரொம்ப அழுத்துறதில்ல" என்றாள்.

"சாயங்காலம்?"

"ஹீட்டர் போடல."

பேச்சியம்மாள் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே பிள்ளையின் தலைமேல் இறங்கி நின்றது.

"ஏட்டி, ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ மட்டும் மழையில நனைஞ்சிட்டு வந்து பச்சத்தண்ணியில குளிச்சியே. எனக்குச் சொன்னியா?"

பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்களை விட்டுவிட்டோம். பேச்சியம்மாள் எழுந்திருக்கவே இல்லை.

விஷயம் தெரிந்து சிங்காரவேலு சாயங்காலமே வந்தார். சுவரில் எழுதியிருந்ததைத் துண்டால் துடைத்தார். "நீங்க பாட்டுக்கு எரிங்கம்மா. பணம் அப்புறமா வரட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார்.  அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுப் பழக்கமில்லாதவள்.

அதன்பின் மாலை வேலையை விட்டுவிட்டாள். ஆறு மாதம் அவளே இரண்டு நேரமும் கட்டி நீட்டினாள். கண்ணகி அலறுவது எங்கள் வீடுவரை கேட்கும். முட்டி கொஞ்சம் இளகியது. முழுதாக நிமிரவில்லை. மெட்ராசில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். போனார்கள், வளர்ந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்தபின் கண்ணகியே வேண்டாம் என்றுவிட்டாள்.

வருஷங்கள் கழித்து ஒரு நாள், துவரம்பருப்பு புடைத்துக்கொண்டே பேச்சியம்மாள் என்னிடம் சொன்னாள்: "பச்சப்பிள்ள பொய் சொல்லுச்சு, அதுல ஒண்ணுமில்ல தனகோட்டி. பத்து நாள் வந்துச்சே, எப்படி வந்துச்சுன்னு ஒரு நிமிசம் நான் யோசிச்சேனா? வந்துச்சுன்னதும் சந்தோசமால்ல இருந்தேன்."

 நானும் அந்தக் காப்பியைக் குடித்தவள்தான்.

கண்ணகி பள்ளிப்படிப்பை முடித்து டைப்ரைட்டிங் படித்தாள். எண்பத்தெட்டில் வடலூரில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் வேலை கிடைத்தது. தொடையில் ஒரு கையை ஊன்றி ஊன்றி நடப்பாள். பஸ் படியில் ஏறத்தான் சிரமம். அதனால் தினமும் காலையில் பஸ் ஸ்டாப் வரை பேச்சியம்மாள் கூட வருவாள். கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் பிடித்துத் தூக்கி ஏற்றுவாள். பஸ் கிளம்பியபின் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். பிறகு நடந்தே வேலைக்குப் போவாள்.