எண் எழுதாத சாவிகள்

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் எண்பத்து மூன்று ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. எதிலும் பேர் கிடையாது, எண் கிடையாது. எது எந்த வீட்டுக் கதவைத் திறக்கும் என்று முழுசாகத் தெரிந்தவன் ஒருத்தன்தான், என் கொழுந்தன். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் இந்தப் பலகையில் ஒரு சாவி ஆடுகிறது. காற்று என்கிறாள் மருமகள். காற்றென்றால் எண்பத்து மூன்றும் ஆட வேண்டாமா?

அவன் பூட்டுக்காரன். எங்கள் வாசலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, நாலு அரம். சாவி ராவுகிற சத்தம் காதைக் கூசும். "அண்ணி, நீங்க என் அண்ணனைத் திட்டுற சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்பான். அப்படிச் சிரித்துப் பேசின பிள்ளைதான்.

வாய்க்காலுக்கு நாங்கள் கிழக்குக் கரை. எதிரே மேற்குக் கரை. இரண்டு கரையிலும் ஒரே பஸ் பணிமனைக்கும் ஒரே நூல் ஆலைக்கும் வேலைக்குப் போகிற சனம். அப்போது நடுவில் பாலம் கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பெரிய ரோடு வரைக்கும் நடந்து சுற்றி வர வேண்டும்.

மேற்குக் கரையில் ஒரு பஸ் டிரைவர். அவர் பெண்டாட்டிக்கு ஒரு நாள் நல்ல காய்ச்சல். எழுந்து வந்து தாழ்ப்பாள் போட வேண்டாமே என்று வெளியே பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார். முந்தின நாள்தான் என் கொழுந்தன் அந்த ஏழு லீவர் பூட்டை மாட்டிக் கொடுத்திருந்தான். "இதை உடைக்கணும்னா கதவைத்தான் உடைக்கணும்ணே" என்று பெருமை வேறு பேசியிருந்தான்.

மத்தியானம் அந்த வீட்டிலிருந்து புகை வந்தது. இங்கிருந்து நாங்கள் பார்க்கிறோம். கூப்பிடு தூரம். கம்பியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டைச் சுற்றி ஓடினான். போய்த் தன் பூட்டோடு தானே மல்லுக்கட்டினான். கதவு திறந்தபோது உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. பத்து நாள் கழித்து ஒரு பலகை செய்து, முதல் ஆணியில் ஒரு சாவியை மாட்டினான். எரிந்த பூட்டுக்குத்தான் காலம் கடந்து ஒன்று ராவி மாட்டியிருக்கிறான் என்று நினைத்து நான் கேட்கவில்லை. அப்புறம் ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்காரர்கள் தாங்களாகவே மாற்றுச் சாவி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. எண் கட்டாததும் வேண்டுமென்றுதான். "பலகை தொலைஞ்சாலும் வெறும் இரும்புதான் தொலையணும் அண்ணி, வீடு தொலையக் கூடாது" என்பான்.

அந்த வருஷமே பாலமும் வந்தது. மரப்பலகை அடித்த நடைபாலம், ஒரு கைவண்டி போகும் அகலம். இரண்டு கரையும் ஒரே வார்டு. அத்தனை ஓட்டும் ஒன்றாகப் போய் வாசலில் நின்றதால் கவுன்சிலர் பயந்தார், பாலம் போட்டார். பாசத்தில் ஒன்றும் போடவில்லை.

பதினாறு வருஷம் கழித்து தபால் ஆபீஸ் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். வார்டுகளுக்குத் தலைக்கணக்குச் சரியில்லையாம், எல்லையை மாற்றி வரைகிறார்களாம். புதுக்கோடு வாய்க்காலின் நட்டநடுவில் ஓடியது. மேற்குக் கரையை அடுக்குமாடிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

"பாலத்து நடுவுல நின்னு தும்மினா எந்த வார்டுத் தும்மல்னு எழுதுவாங்க?" என்றாள் தையல்காரி.

எல்லோரும் சிரித்தோம். என் கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. "பாதிப் பாலம் இவங்களுது, பாதி அவங்களுது. பலகை உடைஞ்சா ரெண்டு பேருமே வர மாட்டாங்க" என்றான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. பாலம் போனால் மறுபடியும் பெரிய ரோட்டைச் சுற்றி ஓட வேண்டும்.

ஆட்சேபனை சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். வேலை நாள், காலை பதினோரு மணி. ஆலைக்காரர்கள் யாரால் வர முடியும்? சாவிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு கரையும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவன் அரை மனசோடு வந்தான்.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். முதல் ஆணிச் சாவியைத் தொட்டு, "இது யார் வீட்டுது?" என்றார்.

இவன் அந்த ஆணியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான்.

"சரி, விடுங்க. மேற்குக் கரைச் சாவி எத்தனை?"

"நாப்பத்தொண்ணு ஐயா."

"நீங்க சொன்னா போதாதே. ஒவ்வொண்ணுலயும் வீட்டு நம்பர் கட்டி, பட்டியலோட இங்க ஒப்படைங்க. நான் ஃபைல்ல சேர்த்துடறேன். உங்க பக்கம் நியாயம் இருக்கு."

"ஃபைலை யார் யார் பார்ப்பாங்க?"

"யார் கேட்டாலும் காட்டணும். அதுதான் விதி."

"அப்போ முடியாதுங்க."

"பத்து சாவிக்காவது கட்டுங்க."

"ஒண்ணுக்குக்கூட முடியாதுங்க ஐயா. என்னை நம்பிக் குடுத்தாங்க. ஆபீஸை நம்பிக் குடுக்கல."

பின்வரிசையிலிருந்து எழுந்து கத்தினேன். "தம்பி, கட்டித் தொலையேன்! பாலத்தை விட உன் வீம்பு பெருசா?"

அவன் திரும்பிப் பார்த்தான். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

கோடு நடுவாய்க்காலிலேயே நின்றது. "சாவியைக் காப்பாத்திட்டு வார்டைத் தொலைச்ச மகராசன்" என்று அவன் காதுபடவே பேசினார்கள். நான் நாற்பது நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைப்பேன், திரும்பிக்கொள்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கரையிலும் ஒருத்தர்கூடத் தன் சாவியைத் திருப்பிக் கேட்டு வரவில்லை.

பாலத்தில் மூன்றாவது பலகை முதலில் போனது. இந்த வார்டு அந்த வார்டைக் காட்டியது, அந்த வார்டு இந்த வார்டைக் காட்டியது. அவனே கொட்டகைத் தகரத்தை வெட்டி அடித்தான். தினமும் சாயங்காலம் முதல் ஆணிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போவான், வந்து திரும்ப மாட்டுவான். எங்கே போகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கேட்டேன். "எனக்கு எழுதத் தெரியாது, மறக்கவும் தெரியாது. எந்த ஆணி யாருதுன்னு சொல்லு தம்பி."

"ரெண்டாவது, தையல்காரம்மா. மூணாவது, ஆலை வாட்ச்மேன்..." முதல் ஆணியைத் தாண்டித்தான் ஆரம்பித்தான். பத்தொன்பது வரைக்கும் சொன்னான். "மிச்சம் நாளைக்கு அண்ணி" என்றான். மறுநாள் அவன் கண் திறக்கவில்லை.

அதிலிருந்து நானே தினம் இரண்டு சாவி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். "இன்னிக்கு எது அத்தை? எங்க வீட்டுதுதான் கிடைச்சுடுச்சே, டீயாவது குடிச்சுட்டுப் போங்க" என்பார்கள். இதுவரை அறுபத்தி நாலு கதவு தெரிந்துவிட்டது. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது.

போன மாதம் முதல் ஆணிச் சாவியோடு டிரைவர் வீட்டுக்குப் போனேன். எரிந்த வீட்டில் கதவுநிலை மட்டும் கரியாக நிற்கிறது. பக்கத்திலேயே ஓர் அறை கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். சாவியின் பல்லெல்லாம் தேய்ந்து விரல் நகம் மாதிரி வழவழவென்று இருந்தது.

"தம்பி, இது அவன் பிற்பாடு ராவினதுதானே?"

கையில் வாங்காமலே பார்த்தார். "இல்லக்கா. அன்னிக்கு என் சட்டைப் பையில இருந்த சாவி. பஸ்ஸோட பஸ்ஸா ஊரெல்லாம் சுத்துச்சு. காரியம் முடிஞ்ச அன்னிக்கு நான்தான் அவன்கிட்ட குடுத்தேன். என்கிட்ட இருந்து ஒண்ணுத்துக்கும் ஆகல, நீ வச்சுக்கோன்னேன்." கரிந்த நிலையைக் காட்டி, "தினம் வருவான். ரெண்டு பேரும் இங்கதான் உட்கார்ந்திருப்போம். ஒண்ணும் பேச மாட்டோம்" என்றார்.

இதற்குப் போய் நம்பர் கட்டச் சொல்லி நான் கத்தியிருக்கிறேன். சபையிலே.

இப்போது மறுபடியும் எல்லை வரைகிறார்களாம். வருகிற மாதம் கூட்டம். பலகையைக் கொண்டு வா, இந்தத் தடவையாவது நம்பர் கட்டு என்று இரண்டு கரைக்காரர்களும் சொல்கிறார்கள். நான் வருவேன். பலகை வராது. வருகிற அதிகாரிக்குச் சாட்சி வேண்டுமென்றால் என் கூட நடக்கட்டும். அறுபத்தி நாலு கதவையும் அவர் கண் முன்னால் திறந்து காட்டுகிறேன். ஃபைலை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வரட்டும். பாலத்தில் மூன்றாவது பலகையைப் பார்த்து மிதிக்கச் சொல்லுங்கள். அது வெறும் தகரம்.