புளியில் ஊறிய கோதுகள்

மெசின் வாங்கப் போனவன் மெசினை வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. மூன்று மாதம் யோசித்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

நான் துவக்கால் குறி பார்த்துச் சுடுகிறவன். ரொறொன்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு கிளப்பில், சனிக்கிழமைகளில். வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவனுக்கு உது என்ன விளையாட்டு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஊரில் யாரோ வெடிக்கவைத்தார்கள், இங்கே நானே வெடிக்கவைக்கிறேன், அவ்வளவுதான்.

சுட்டபின் விழும் பித்தளைக் கோதை எறிவதில்லை. கழுவி, புது வெடிமருந்தும் சன்னமும் வைத்துத் திரும்பப் பாவிப்போம். கழுவத்தான் மெசின். ஒன்று, சோளப்பொத்தியின் சக்கையை அரைத்த தூளுக்குள் கோதுகளைப் போட்டு மணிக்கணக்காக அதிரவைப்பது. டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர் நாங்கள் கதிரை இழுத்தாலே தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். இன்னொன்று, தண்ணீரும் ஊசிபோன்ற கம்பித் துண்டுகளும் போட்டு உருளும் பீப்பா. உள்ளும் புறமும் பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு கோதாகக் காயவைத்து, சிக்கிய கம்பிகளைப் பொறுக்கவேண்டும். மூன்றாவது, ஒலி அலையால் கழுவும் தொட்டி. சத்தம் குறைவு, மினுக்கமும் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன்.

கிளப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். முதல் வருடம் முடிந்ததும் பழைய உறுப்பினர் ஒருவர் 'இவரை நம்பலாம்' என்று கையெழுத்து வைத்தால்தான் நான் முழு உறுப்பினர். வைக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இருபது வருடம் வேலைசெய்த இடத்தில்கூட ஒருவரும் என்னைப்பற்றி அப்படி எழுதித் தந்ததில்லை. அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிள்ளைகளின் பட்டமளிப்பைவிட அதை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் தன் தகப்பனின் பழைய துவக்குக்குரிய நாற்பது கோதுகளைத் தந்தார். இப்போது கடையில் கிடைக்காதவை. மெசின் வாங்கியதும் கழுவித் தா என்றார். மெசின் இன்னும் வாங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோதுகளைக் கண்ட மனைவி சிரித்தாள். குத்துவிளக்கு மினுக்குகிற பழப்புளி குசினியில் இருக்க, உந்தப் பித்தளைக்கு ஏன் மெசின் என்று கேட்டாள். தேய்த்து உடனே கழுவிவிடவும் சொன்னாள். நான் தேய்க்கவில்லை. ஒரு வாளியில் புளியைக் கரைத்து நாற்பதையும் ஊறப்போட்டுவிட்டு, கிழவருக்குப் போன் எடுத்து, எங்கள் ஊர் முறையில் நானே என் கையால் கழுவுகிறேன் என்று பெருமை அடித்தேன். அடுத்த இரண்டு நாளும் ஓவர்ரைம். மனைவி றெக்ஸ்டேலில் தங்கை வீட்டில். வாளியை மறந்தே போனேன்.

எடுத்தபோது மஞ்சளாக இல்லை, ரோஸ் நிறமாக இருந்தன. அதுவும் ஒரு வடிவுதான் என்று நினைத்துச் சனிக்கிழமை கொண்டுபோனேன்.

கிழவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். புளிப்பு, பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தைத் தின்றுவிட்டது, இனி இது வெடியைத் தாங்காது என்றார். குரலை உயர்த்தவில்லை. எவ்வளவு நேரம் ஊறியது என்று மட்டும் கேட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளையும் மிஞ்சினேன். எனக்குத் தெரியாது, மனைவிதான் கழுவினாள் என்றேன். முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டவளை நாலு சொல்லில் விற்றேன்.

அவர் குறடு ஒன்றை எடுத்து ஒவ்வொரு கோதின் வாயையும் நெரித்தார், இனி எவரும் பாவிக்காதபடி. நாற்பதையும். நான் பக்கத்தில் நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முடிந்ததும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்:

"கோது போனால் போகட்டும். நீயே கழுவுகிறாய் என்று நீதான் போனில் சொன்னாய். துவக்கோடு என் பக்கத்தில் நிற்கிறவன், தன் கை செய்ததைத் தன் கை செய்தது என்று சொல்லவேண்டும்."

நான் முன்பே கொடுத்துவைத்திருந்த உறுப்பினர் படிவத்தைக் கையெழுத்து வைக்காமலே என்னிடம் திருப்பித் தந்தார். வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே கார் ஓட்டினேன். வெள்ளைக்காரத் திமிர் என்றேன். பித்தளைக்கு இவ்வளவு எடுப்பா என்றேன். அஜின்கோர்ட் தாண்டும்போது திட்ட ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள், "கையெழுத்து வைச்சவரோ?"

"எங்கை வைக்கிறது? உன்ரை புளியாலை எல்லாம் பழுதாப்போச்சு."

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். ஊறவிட்ட இரண்டு நாளைப்பற்றி அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பிறகு எழும்பி என் போனை எடுத்து நீட்டினாள்.

"நான் விளக்கை நினைச்செல்லோ சொன்னனான். அவரின்ரை நம்பரை எடுத்துத் தாங்கோ, பிழை என்னிலைதான் எண்டு நானே சொல்லுறன். உங்களுக்கு அதிலை எவ்வளவு ஆசை எண்டு எனக்குத் தெரியும்."

வேண்டாம் என்று போனைப் பிடுங்கினேன். கோபத்தில் பிடுங்குகிறேன் என்று நினைத்துக் கண் கலங்கினாள். கோபம் இல்லை. அந்தக் கிழவர் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்.