படத்துக்குப் பின்னால் ஒரு கோணல் சிலுவை

எங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்துக்குப் பின்னால், குருத்தோலையில் மடித்த சிலுவை ஒன்று செருகியிருக்கிறது. பழுத்துக் காய்ந்து, தொட்டால் நொறுங்கிவிடும் போலிருக்கும். குறுக்குக் கை ஒரு பக்கம் சரிந்த கோணல் சிலுவை. என் மாமியார் மடித்தது. வாழைத்தாரை ஒரே வெட்டில் இறக்கத் தெரிந்த அவருக்கு ஓலை மடிக்க மட்டும் கடைசிவரை வரவில்லை. உயிரோடு இருந்தவரை அந்த வேலையை மாமனார் பார்த்துக்கொண்டாராம்.

திருச்சிப் பக்கம் ஜீயபுரம் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது என் கணவரின் ஊர். அங்கே கட்டிய புதுக் கோவிலின் திறப்பு விழா மலருக்குக் கோவில் வரலாறு எழுதித் தரும்படி சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார்கள். டீச்சர் என்றால் எதையும் எழுதிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. முதலில் கீற்றுக் கொட்டகை. அதைக் காவிரி வெள்ளம் கொண்டுபோனது. பிறகு மேட்டில் ஊரே செங்கல் சுமந்து கட்டிய ஓட்டுக் கட்டடம். அதையும் இடித்துவிட்டு இப்போது கோபுரமும் டைல்ஸுமாகக் கான்கிரீட் கோவில். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வரலாறு அந்தப் பக்கத்தில் இல்லை.

ஓட்டுக் கோவிலில் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலை வெளியிலிருந்து வாங்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை வீடு வீடாகத் திரும்ப வாங்கி, கோவில் வாசலில் மண்சட்டியில் எரித்து, துணியில் சலித்து வைப்பார்கள். சாமியார் வராத நாட்களில் கோவிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார்தான் அதைச் செய்வார். நான் கல்யாணமாகிப் போன முதல் வருடம், செவ்வாய்க்கிழமை காலையில் சாக்குப்பையோடு வந்து நின்று, "பழைய ஓலை இருந்தா குடும்மா" என்றார். மாமியார் தோட்டத்துக்குப் போயிருந்தார். எனக்கோ பொறுப்பான மருமகள் என்று பேர் வாங்கும் அவசரம். அங்கே மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றி, ஒட்டடையைத் தட்டி, பின்னால் இருந்த ஓலை அத்தனையையும் வழித்துப் போட்டேன். அதில் அச்சில் வார்த்ததுபோல ஒரு சின்னச் சிலுவையும் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அது மாமனார் தன் கடைசிக் குருத்து ஞாயிறில் மாமியாருக்கு மடித்துக் கொடுத்தது. இரண்டு வருடமாக மாமியார் அதை மட்டும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாயங்காலம் வந்து படத்தைத் தடவிப் பார்த்தவர், நேராகக் கோவிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சட்டி ஆறிப்போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் ஓலையெல்லாம் ஒரே சாம்பலாகக் கிடந்தது. அதில் எதைப் பிரிப்பது? நான் விம்மி விம்மி அழுதேன். "அழுவாத. தெரியாமத்தானே குடுத்த" என்றார் மாமியார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மாமனார் போனபிறகு கடவுளோடு மாமியாருக்குப் பேச்சுவார்த்தை சரியில்லை. பூசைக்கு வந்தாலும் கடைசியில் நின்றுவிட்டுப் பாதியில் கிளம்பிவிடுவாராம். ஆனால் மறுநாள், விபூதிப் புதன் காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்றார். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியதும் நகரவில்லை.

"சாமி, இன்னும் கொஞ்சம் வெச்சு விடுங்க."

சாமியார் விழித்தார். பக்கத்தில் தட்டைப் பிடித்திருந்த உபதேசியார், "வைங்க சாமி" என்றார். சாமியார் கட்டைவிரலால் அழுத்தி இன்னொரு முறை பூசினார். அன்று முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்த மாமியார், வேர்வை கண்ணில் இறங்கியபோதும் முந்தானையால் கன்னத்தைத்தான் துடைத்தார். நெற்றியைத் தொடவே இல்லை.

அதன்பிறகு வருடாவருடம் அவரே ஓலை மடித்தார். எல்லாமே கோணல். நாங்கள் திருச்சிக்குக் குடிவந்தபிறகும் குருத்து ஞாயிறுக்குப் போனால் எனக்கென்று ஒன்று வைத்திருப்பார். கடைசியாகக் கொடுத்ததுதான் இப்போது படத்துக்குப் பின்னால் இருப்பது. அந்த வருட மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். உபதேசியாரும் இல்லை. ஓட்டுக் கோவிலும் இல்லை. ஓலை கேட்டு யாரும் வரவில்லை. எனக்கு என் மாமியாரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. பெற்ற அம்மாவுக்குக்கூட இப்படி ஏங்கியதில்லை.

இந்த வருடம் விபூதிப் புதனன்று விடிந்ததும் அந்த ஓலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். புதுக் கோவிலில், இதையும் எரித்துச் சாம்பலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். இளம் சாமியார் அன்பாகத்தான் சொன்னார்: "சாம்பல் பாக்கெட்டாவே வந்துடுச்சும்மா. இத நீங்களே வெச்சுக்குங்க, அவங்க ஞாபகமா இருக்கும்."

வரிசையில் நின்றேன். எந்த ஊர் ஓலையோ, நெற்றியில் பூசினார். இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, கோணல் சிலுவையைத் திரும்பப் படத்துக்குப் பின்னால் செருகினேன்.