சனிக்கிழமையே எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை அழிக்க ஐந்து வாரம் ஆயிற்று. எழுதியவனும் நான்தான், அழிக்கச் சொல்லிக் கெஞ்சியவனும் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் ஓர் அறையில் கிடந்தோம். அதில் ஒருத்தன் கோவில்பட்டிக்காரன். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும், நான் இருந்த அதே பிரஸ் லைனில்தான் அவனுக்கும் வேலை. நல்ல கிதார்காரன். கீழ்வீட்டு ஓனரின் மகன் எங்கள் வயதுதான். நிலத்தை விற்றுவிட்டு வேறொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் பாட்டு. டிரம்ஸ் அடிக்கிறவன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருவான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பங்க் இசைக்குழு.

யாரோ மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்த வெளிநாட்டுப் பாட்டுகளைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள் அவர்கள். கிதாரில் மூன்றே மூன்று சுரக்கூட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கத்திச் சமாளித்துவிடலாம் என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீக்கடையில் பங்க் பேண்டு என்று சொன்னால், எந்த பெட்ரோல் பங்க் என்று கேட்டார்கள். பாட்டெல்லாம் எங்கள் சொந்தக் கதைதான். பதினோரு மாதத்தில் கழற்றிவிடுகிற கான்ட்ராக்ட், கேன்டீன் சாம்பார், கக்கூஸ் போக சூப்பர்வைசரிடம் வாங்க வேண்டிய டோக்கன். மொட்டை மாடியில் அவர்கள் ஆரம்பித்தால் தெரு நாயெல்லாம் எழுந்து ஓடும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் ஷிஃப்ட் முடிந்ததாகத் தோன்றும்.

எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. என் பங்குக்கு எழுத்து வேலையை எடுத்துக்கொண்டேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம் என்று தெரிந்ததும், ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து குழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அன்றைக்கே ஒரு புண்ணியவான் தலைப்பில் அறிவிப்பு ஒட்டினார்: ஆதாரம் இல்லை, நீக்கப்படலாம். யார் எவர் என்று தெரியாது, ஒரு பயனர் பெயர் மட்டும்தான். நான் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே வந்து நிற்பார். ‘தொழிலாளர்களே நடத்தும் முதல் பங்க் குழு’ என்று எழுதினால், ‘முதல் என்று யார் சொன்னது? அச்சில் வந்திருக்கிறதா?’ என்று கேட்பார். நான் சொல்கிறேன் என்றால் போதாதாம்.

கடைசியில் காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒரு சிறு மாத இதழ் குழுவைப் பற்றி அரைப் பக்கம் போட்டது. அதை மேற்கோளாகக் கொடுத்தேன். வாத்தியார் அறிவிப்பை எடுத்துவிட்டார். கிதார்காரன், படிக்க மட்டுமே முடிந்த என் போனில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஊருக்குப் போன் போட்டுத் தங்கச்சியிடம், “நெட்ல நம்மளப் பத்திப் போட்டிருக்கு, போய்ப் படிச்சுப் பாரு” என்றான். அவன் குரலை அப்படி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அப்போதுதான் வாலாஜாபாத்தில் ஒரு இளைஞர் மன்றம் கூப்பிட்டது. கல்யாண மண்டபம், மேடை, மைக் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. மொட்டை மாடியை விட்டு அவர்கள் இறங்கப்போகிற முதல் கச்சேரி.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஞாயிறு அங்கே பூட்டு. திங்கள் முதல் எனக்கு மதிய ஷிஃப்ட் வேறு. அதனால் அப்போதே எழுதிவிட்டேன்: ‘வாலாஜாபாத்தில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பெருந்திரளான ரசிகர்கள் முன்னிலையில் குழு வாசித்தது. கிதார் கலைஞரின் வாசிப்பு பெரும் வரவேற்பைப் பெற்றது.’ மாத இதழ்க்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த இதழில் எப்படியும் வரும் என்று, வராத இதழையே மேற்கோளாகவும் போட்டேன்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றும்? லைனில் தினமும் செய்கிற வேலைதானே. மணிக்கு ஒரு தரம் பாகத்தை அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஓடுகிற ஓட்டத்தில் யார் அளப்பது? காலையில் வந்ததும் ஷிஃப்ட் முடிகிற மணி வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் ஓகே, ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். சூப்பர்வைசருக்குத் தெரியும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும். ஆடிட் அன்றைக்கு மட்டும்தான் எல்லாரும் யோக்கியர்கள்.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் போன் செய்தார். ஞாயிறு ஓவர்டைம், வராதவன் திங்கள் வர வேண்டாம் என்றார். கிதார்காரன் போனைப் பிடுங்கி, “ரெண்டு மணிக்கு விட்டுருவீங்கல்லா சார்?” என்று கேட்டான். “போய்க்கோபா, நான் இன்னா உன்னைப் புடிச்சா வெச்சிக்கினு இருக்கப் போறேன்” என்றார் அவர்.

ஞாயிறு ஓவர்டைமுக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை வருகை அட்டை தேய்க்க விடமாட்டார்கள். வேனில் ஏற்றிப் பின் கேட் வழியாக உள்ளே விடுவார்கள். கணக்கில் நாங்கள் அன்றைக்கு அங்கே இல்லை. நானும் ரெண்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமே என்று, காலை எட்டு மணிக்கே, ஓவர்டைம் முடிகிற நாலு மணி வரைக்கும் செக் ஷீட்டை நிரப்பி வைத்தேன்.

ரெண்டு மணிக்கு சூப்பர்வைசர், “இன்னும் ஒரு லாட் கீது, அதை முடிச்சிட்டுப் போங்கபா” என்றார். வேகம் பத்தவில்லை என்று, கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சாரை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தார்கள். ரெண்டேகாலுக்கு அவன் இடது கையின் மூன்று விரல்கள் போயின. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. “ஏலே, கையப் பாருலே” என்றான், என்னவோ என் கையைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குத்தான் கத்த வந்தது. லைன் நின்றது, துணியைச் சுற்றினோம், வேன் வந்தது. என்னை ஏற விடவில்லை.

கம்பெனிக்கு வேண்டப்பட்ட ஆஸ்பத்திரியில் வேன் டிரைவர் சொன்னபடி ‘சாயங்காலம் பைக்கிலிருந்து விழுந்தது’ என்று எழுதியிருந்தார்கள். கம்பெனிக்குள் நடந்த விபத்து என்று பதிவானால்தான் அவனுக்குக் காப்பீட்டில் வைத்தியமும் பென்ஷனும். அந்தக் கையோடு செய்யக்கூடிய வேறு வேலையும் கேட்கலாம். இல்லாவிட்டால் வெறும் கையோடு, அதுவும் ஒன்றரைக் கையோடு, ஊருக்குப் போக வேண்டியதுதான். லைனில் அன்று இருந்த மற்ற ஆறு பேரும் கான்ட்ராக்ட். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. சாட்சி சொல்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். கான்ட்ராக்டரின் ஆள் முதல் நாளே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். என் கட்டுரை, கலர் பிரிண்ட். “இவர் அன்னைக்கு மூணு மணிக்கு வாலாஜாபாத்துல கிதார் வாசிச்சிருக்கார் சார். நெட்லயே இருக்கு. திரும்பி வர்ற வழியில வண்டியில விழுந்திருக்கார்.” கிதார்காரன் கட்டுப் போட்ட கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாலாஜாபாத் மன்றத்துக்காரர்களோ, கம்பெனி விவகாரத்துக்கு நாங்கள் வரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

நேரே பிரவுசிங் சென்டருக்கு ஓடி அந்த வரியை நீக்கினேன். பத்தே நிமிடத்தில் வரி திரும்ப வந்து உட்கார்ந்தது. வாத்தியார்தான். ‘ஆதாரம் உள்ள தகவலை நீக்காதீர்கள்.’ மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. என்ன ஆதாரம் என்று பார்த்தால், மாத இதழ் நிஜமாகவே வெளிவந்திருந்தது. அதில் என் வரி அப்படியே அச்சாகியிருந்தது, பெருந்திரளான ரசிகர்கள் உள்பட. பதறிப்போய் இதழ்க்காரருக்குப் போன் செய்தேன். “அன்னைக்கு வர முடியலைங்க. உங்க நெட் பக்கத்தைப் பார்த்துத்தான் போட்டேன், நல்லா எழுதியிருந்தீங்களே” என்றார் அவர். மறுப்புப் போடச் சொன்னதற்கு, அடுத்த இதழ் வருமா என்பதே தெரியவில்லை என்றார்.

உரையாடல் பக்கத்தில் வாத்தியாரிடம் மன்றாடினேன். கச்சேரியே நடக்கவில்லை, கிதார் வாசிக்கிறவனின் விரல் போய்விட்டது, நான் நேரில் பார்த்தேன் என்று எழுதினேன். ‘வருந்துகிறேன். நேரில் பார்த்தது ஆதாரமாகாது. அச்சில் வந்திருப்பதை மறுக்க அச்சில் வந்த ஆதாரம் வேண்டும்’ என்று பதில் வந்தது. அந்த மேசையிலேயே தலையை முட்டிக்கொண்டேன். சென்டர்க்காரர், “இன்னாபா ஆச்சு, சிஸ்டம் ஹாங் ஆயிடுச்சா?” என்று கேட்டார். வாரக் கணக்கில் இப்படியே போயிற்று. ஷிஃப்டுக்குப் போவேன், வருவேன், நீக்குவேன், அது திரும்ப வரும். ஒரு கட்டத்தில் நாசவேலை செய்கிறேன் என்று என் கணக்கை மூன்று நாள் முடக்கி வைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் வாத்தியாரே ஒரு கேள்வி கேட்டார். ‘பக்க வரலாற்றைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சேமித்திருக்கிறீர்கள். எப்படி?’

அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் எந்த எழுத்தை யார், என்றைக்கு, எத்தனை மணிக்குப் போட்டார் என்று எல்லாம் அதன் வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். நான் முன்கூட்டியே எழுதினேன் என்பதற்கு அதுவே சாட்சி. உண்மையை ஒப்புக்கொண்டு எழுதினேன். வாத்தியார் வரியை எடுத்தார், இதழ் இந்தப் பக்கத்தைப் பார்த்தே நகல் எடுத்தது என்ற குறிப்பையும் போட்டார். இத்தனை நாள் அவரைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த வரலாற்றுப் பக்கத்தை அச்செடுத்து எடுத்துப்போனேன்.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. காகிதத்தைப் பொறுமையாகப் படித்தார். “சரி, கச்சேரி நடந்ததுக்கு இதை ஆதாரமா எடுத்துக்க முடியாது” என்றார். துணைக்கு வந்திருந்த கீழ்வீட்டுப் பாட்டுக்காரன் என் தொடையைத் தட்டினான். அப்போது கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையின் செக் ஷீட். ஆள் யாரும் இல்லை, கணக்கில் இல்லை என்றவர்கள், இயந்திர சோதனைக்காக என்னை மட்டும் அன்றைக்கு அழைத்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“ரெண்டேகாலுக்கு மெஷின்ல ஆள் கை மாட்டி லைன் நின்னுச்சுன்னு சொல்றீங்க. மூணு மணிக்கு ஓகே, நாலு மணிக்கு ஓகேன்னு எழுதியிருக்கீங்களே?”

“அத காலையிலயே எழுதிட்டேன் சார். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவோம்.”

வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “சார், இவர் நடக்காததை நடந்ததா எழுதுறவர்னு இவரே ரெண்டு தடவை ஒத்துக்கிட்டார். இவர் ஒருத்தர் பேச்சை நம்பித்தான் இந்த மனு.”

“அந்தத் தாளை எப்ப எழுதினீங்கன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா?” என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நிஜமாகவே கேட்டார், எனக்கு ஒரு வழி கிடைக்காதா என்பதுபோல. பேனாவில் எழுதிய தாள் அது. அதில் என்ன இருக்கும்? இல்லை என்றேன். பாட்டுக்காரன் எழுந்து, “இன்னா சார் நியாயம் இது, அந்தக் கையப் பாரு சார் நீ” என்று கத்தினான். அவனை வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

‘பணியிடத்தில் நிகழ்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை’ என்று உத்தரவு வந்தது. மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கிதார்காரன் வேண்டாம் என்றான். எனக்கும் வேலை போயிருந்தது, அதைப் பற்றி யாரிடம் சொல்லி அழ.

தாம்பரத்தில் அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். படப்பை, மணிமங்கலம் கூட்டமெல்லாம் ஏறிய டவுன் பஸ்ஸில் இடித்துப் பிடித்துப் போய் இறங்கினோம். கிதாரைப் பாட்டுக்காரனிடமே விட்டுவிட்டு வந்திருந்தான். பஸ் வரும் நேரத்தில், “அந்த வாலாஜாபாத் வரி இப்ப இருக்கா?” என்று கேட்டான்.

“எடுத்தாச்சு.”

“ஓ.” இடது கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான். “தங்கச்சி அதப் படிச்சிருக்கா. கச்சேரி முடிஞ்சு வரும்போதுதான் அடிபட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. வாசிச்சியாண்ணே, எல்லாரும் கை தட்டினாங்களான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.”

பஸ் வந்து நின்றது. அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன்.

“திரும்பப் போட முடியுமாலே?”

“ஆதாரம் கேப்பாங்கலே” என்றேன்.

“ஆமா, கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான்.