எலும்பு எடுத்த கையும் மாரியாயியின் நிரையும்

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வேலையில் நோயைவிட, அது குணமாகுமா என்று கேட்கிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கட்டைவிரல் அடியில் வலி கண்ட அன்பர்களுக்கு இது புரியும்.

எலும்பா, நிரையா?

கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாரியாயி கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியதும் அவளுடைய வலது கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துபோனது. கிள்ளும்போதெல்லாம் கண்ணில் நீர் முட்டும். தைலம் தேய்த்தேன், கட்டுப் போட்டேன். என் வித்தை அத்தோடு சரி. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, அவளுடைய நிரையை, அதாவது அவள் கிள்ளும் தேயிலைச் செடி வரிசையை, வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவளை மலையிலிருந்து எடுத்து, குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பப் பார்த்தார்.

கொழும்பில் நான் விசாரித்த பெரிய டாக்டர், அங்கிருக்கும் சின்ன எலும்பை எடுத்தால் வலி போகும், பிடி வருமா என்பது சந்தேகம் என்றார். தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன்.

“எலும்ப எடுத்துக்கிறட்டுங்க ஐயா, என் நிரைய மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க.”

ரொட்டி வைத்தியம்

எலும்பை எடுத்து மூன்று மாதமாகியும் அவளால் ஒரு கோப்பை பிளேன்டீயைத் தூக்க முடியவில்லை. நான் டாக்டருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். அவளோ விடாமல் ரொட்டி மா பிசைந்தே கையைப் பழக்கினாள். ஒருநாள் அவள் புருஷன் டிஸ்பென்சரிக்கு வந்தான்.

“கை தேறிருச்சுங்க ஐயா, ஆனா மூணு வேளையும் ரொட்டி தின்னு எங்க வயிறுதான் கெட்டுப்போச்சு.”

பூட்டும் வேலியும்

ஐந்து வருஷம் கழித்து டாக்டர் கையைப் பார்க்க வரச்சொன்னார். அவருடைய உதவியாளர் ஒரு பூட்டையும் சாவியையும் நீட்டித் திறக்கச் சொன்னார். தொழிலாளர் லயத்து வீட்டில் கதவுக்குக் கொண்டி போட்டே பழகியவள். சாவியைத் தலைகீழாகச் செருகித் திணறினாள். ‘பிடி போதாது’ என்று எழுதிவிட்டார் மனிதர்! எனக்கு வந்த கோபத்தில், அவளை ஆஸ்பத்திரிச் செடிவேலியோரம் நிறுத்தி, “எடு கொழுந்து!” என்றேன். இரண்டு கையாலும் தளிர் தளிராகக் கிள்ளிக்கொண்டே போனாள். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய டாக்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்து உதவியாளரை அதட்டினார்.

“எழுதினதைக் கிழிச்சுப்போடும் காணும், இல்லாட்டி வேலியில ஒரு இலையும் மிஞ்சாது!”

பத்தாம் வருஷம்

விரல் சற்றுக் குட்டையாகியிருந்தது. ஈரக் கம்பளியைப் பிழிய மட்டும் மகள் துணை வேண்டும். மற்றபடி வலியே இல்லை. ஒருநாள் கொழுந்து நிறுவையில் அவள் கூடைதான் முதல். எனக்கே மெடல் கிடைத்தது போல் நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் காலை பார்த்தால், டிஸ்பென்சரி வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

“வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா, மாரியாயிக்கு எடுத்த எலும்ப எங்களுக்கும் எடுத்து வுட்டுருங்க.”

எலும்பைக் கொடுத்தவள் மலையில் முன்னால் போய்க்கொண்டிருக்க, அதே வலி இருந்தும் கொடுக்கப் பயந்த நான் இன்றும் மருந்துப் போத்தல் மூடியைத் திறக்க ஆள் கூப்பிடுகிறேன்.