முந்திக்கொண்ட ஸ்தோத்திரக் காணிக்கை

ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். அதன் கீழே இரண்டு அனுமானங்கள் இருக்கும். எந்த அனுமானம் அந்தக் கூற்றுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் வங்கி அதிகாரித் தேர்வுக்குப் படித்தபோது இந்தப் பகுதிதான் என்னைப் படாத பாடு படுத்தியது. கணக்கு வந்தது, ஆங்கிலமும் ஒருமாதிரி வந்தது. இது மட்டும் வரவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் பயிற்சி வகுப்பு. சார் ஒருநாள் பலகையில் எழுதினார். 'நெரிசல் வேண்டாமென்றால் முதல் பேருந்தில் போ' என்று ஒருவர் நண்பரிடம் சொல்கிறார். அனுமானம்: முதல் பேருந்தில் நெரிசல் இருக்காது. நான் எழுந்து, இந்த அனுமானம் தவறு என்றேன். அருமனையிலிருந்து வரும் முதல் பேருந்தில் ரப்பர் வெட்டப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களுமாகப் படியில்கூட இடம் கிடைக்காது என்று விளக்கமும் கொடுத்தேன்.

சார் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் எறிந்தார். "ஒங்க ஊரு பஸ்ஸ இங்க யாரு கேட்டா? சொன்னவன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாரு. அது நெசமா பொய்யான்னு பாக்கது ஒன் சோலி இல்ல."

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அன்றோடு அந்தப் பகுதி பிடிபட்டுவிட்டது. அனுமானம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்கிறவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் போதும். அதன்பிறகு அந்தக் கேள்விகளில் நான் தப்பு விட்டதே குறைவு. எழுத்துத் தேர்வில் தேறினேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா துபாயில் இருந்தார். அம்மாவிடம், "எழுத்துப் பரீட்ச பாஸ் ஆயாச்சு, இனி இன்டர்வியூ இருக்கு" என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. எங்கள் சபையில் பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள்கூட அப்போது விழித்துக்கொள்வார்கள். விசா கிடைத்ததற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, காணாமல்போன பசு திரும்பி வந்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உண்டு. கர்த்தருக்கு நன்றியும் ஊருக்குத் தகவலும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடும். சபைச் செயலாளர் எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி, "மகளுக்கு வங்கியில் அதிகாரி வேலை கிடைத்ததற்காக" என்று வாசித்தார். முன்வரிசையிலிருந்து தலைகள் என் பக்கம் திரும்பின.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். "இன்டர்வியூவே முடியல்ல. வேல கெடச்சுன்னு யாரும்மா சொன்னது?"

அம்மா அசரவே இல்லை. "கெடச்ச பொறவு ஸ்தோத்திரம் சொல்லதுக்கு விசுவாசம் எதுக்குட்டி? கெடச்சாச்சுன்னு நம்பி முன்னாலயே சொல்லணும். அப்பந்தான் அவரு தருவாரு."

அம்மா பொய் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். மனதார நம்பித்தான் செய்திருந்தாள். அந்த நம்பிக்கையோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேர்முகத் தேர்வில் ஒருவர் என் ஊரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கல்யாணமானதும் மாப்பிள்ளையோடு கல்ஃபுக்குப் போய்விடுவீர்கள், அப்படித்தானே?" எனக்குக் கல்யாணம் நிச்சயம், மாப்பிள்ளை அக்கரையில்தான் இருப்பான், அவன் கூப்பிட்டதும் வேலையை உதறிவிட்டு ஓடுவேன். ஒரு கேள்விக்குள் இத்தனையையும் அடைத்து வைத்திருந்தார் அந்த மனிதர். எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. "போகமாட்டேன் சார்" என்று சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் உண்டு. எப்படியும் முடிவு வந்தபோது என் எண் அதில் இல்லை.

அம்மா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து அடுப்பு மூட்டும்போது தீர்மானமாகச் சொன்னாள். "இத வெளிய சொல்லாண்டாம். ஆண்டவரு தரல்லன்னு ஊருக்கு முன்ன சாட்சி சொல்ல ஒக்குமா? நீ காலத்த பஸ்ஸுல நாகர்கோவில் போ. லைப்ரரில இருந்து படி. சாயங்காலம் வா. பிராஞ்ச் எதுன்னு யாராம் கேட்டா டிரெய்னிங்னு சொல்லு."

படிக்க இன்னொரு வருடம் கிடைக்குமென்றால் எந்தக் கூத்துக்கும் நான் தயாராக இருந்தேன். கஞ்சி போட்ட சேலை, தோளில் பை, டிபன் பாக்ஸ் சகிதம் தினமும் வேலைக்குப் போனேன். குட்டு வெளிப்படுவதற்குள் நிஜமாகவே வேலை வாங்கிவிட வேண்டும். அந்த ஒரு நினைப்போடுதான் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன்.

பேருந்துப் பயணம்தான் நரகம். எங்கள் சபை அக்கா ஒருத்தி, "ஆபீசரம்மா இரிங்க" என்று எழுந்து இடம் கொடுப்பாள். வேண்டாம் என்றால் விடமாட்டாள். ஒருநாள் தன் பாஸ்புக்கை என் மடியில் விரித்து, "இதுல வரவு ஏறல்லன்னு பேங்குல சொல்லுதான் மோளே, நீ ஒண்ணு கேட்டுச் சொல்லு" என்றாள். தக்கலை வரும்வரை அந்தப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு முழித்தேன். கோபத்தில் எனக்குக் கண்ணீர் முட்டியது. அக்கா பாவம், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.

அடுத்த தேர்வில் எழுத்திலும் தேறினேன், நேர்முகத்திலும் தேறினேன். கர்நாடகத்தில் அதுவரை பெயரே கேள்விப்படாத ஓர் ஊரில் வேலை. அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். "இப்பம் குடு அம்மா, ஸ்தோத்திரக் காணிக்க. இப்பம் நெசமாவே கெடச்சிருக்கு."

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வற்றியது. "இப்பம் குடுத்தா, அப்பம் குடுத்தது எதுக்குன்னு கேக்கமாட்டாவளா மக்கா?"

"கேக்கட்டும்!"

"சும்ம இரு. நான் பாத்துக்கிடுதேன்."

நான் நம்பினேன். எல்லாருடைய வாயிலிருந்தும் அனுமானம் பிடுங்கத் தெரிந்த நான், பெற்ற தாயின் வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டேன். அவள் முழு விவரத்தையும் சபையில் சொல்லிவிடுவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் காணிக்கைகளை வாசித்து முடித்தார். எங்கள் வீட்டுப் பெயர் வரவில்லை. பிறகு ஜெப விண்ணப்பங்களுக்கு வந்தார். "வங்கி அதிகாரியாகப் பணிபுரியும் நம் சகோதரி தூர இடத்துக்கு மாற்றலாகிச் செல்கிறார். அவருக்காக ஜெபிப்போம்."

சபை முழுவதும் 'உச்' கொட்டியது. பஸ் அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "மேனேஜர்கூட சண்ட ஏதாம் போட்டியா மோளே?" என்று கிசுகிசுத்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை, ஊர் முன்னால் எனக்குக் கிடைத்த தண்டனையாகிவிட்டது. எழுந்து கத்தத்தான் நினைத்தேன். அதற்குள் போதகர் கைகளை உயர்த்திவிட்டார்.

"ஆண்டவரே, இந்த மகளைத் தூர தேசத்துக்குத் தள்ளிவிட்டவர்களின் மனதை மாற்றும். சீக்கிரத்திலேயே இவளைப் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவாரும்."

பழைய இடம் என்றால் நாகர்கோவில் நூலகத்தின் பெஞ்ச். அது அந்த ஆலயத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் கண்ணை மூடவில்லை, வாயையும் திறக்கவில்லை. சபையார் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அதில் அம்மாவின் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது.